நம்ம மலை, நம்ம மக்கள்

பிப்ரவரி 2, திங்கள்

ஆண்டு விழாவுக்குத் தலைப்பு வைத்துவிட்டார்கள்: "நம்ம மலை, நம்ம மக்கள்". படுகர், தோடர், மலையாளிகள் என்று ஆளாளுக்கு வீட்டிலிருந்து அவரவர் உடுப்பைக் கொண்டுவர வேண்டுமாம். பெயர் எழுதிக்கொண்டே வந்த மலையாளத்துக்கார லிஜி டீச்சர் என்னிடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார். "சசிரேகா, உனக்கு என்ன டிரெஸ் மோளே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஜூடித், "டீச்சர், அவ சிலோன்காரி, கப்பல்லதான் வரணும்!" வகுப்பே சிரித்தது.

என் அம்மாவே பிறந்தது இதே மலையில், சேரம்பாடியில். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்ததோடு சரி. நான் இதுவரை கடலையே பார்த்ததில்லை. ஜூடித்தான் போன வருஷம் ராமேஸ்வரம் டூர் போய்விட்டு வந்து ஒரு மாசம் அதையே பேசினாள். சிலோனுக்கு என்னைவிட அவள்தான் கிட்டே போயிருக்கிறாள். மண்டு.

பிப்ரவரி 4, புதன்

எனக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் டான்ஸ். எஸ்டேட் பிள்ளைக்கு வேறென்ன கொடுப்பார்கள்! மொத்தம் எட்டு பேர். நடுவில் ஜூடித், கடைசி வரிசை ஓரத்தில் நான். கூடலூரிலிருந்து புத்தம்புது மூங்கில் கூடைகள் வந்து இறங்கியிருக்கின்றன. அம்மாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "கூடையா? இப்ப யாருடி கூடை தூக்குறா? கத்தரியால வெட்டிச் சாக்குல போடுறதுதானே!"

அந்தக் கூடையையும் ஸ்கூல் பேக் மாதிரி இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். கயிறு உச்சந்தலையில் விழ வேண்டும், கூடை முதுகில் தொங்க வேண்டும். அம்மா அந்தக் காலத்தில் அப்படித்தான் தூக்கினாள். நான் சொல்லவில்லை. நானும் தோளிலேயே மாட்டிக்கொண்டேன். மேடையில் கோமாளியாக நிற்கட்டும், எனக்கென்ன போச்சு.

பிப்ரவரி 5, வியாழன்

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இரண்டு வீடு தள்ளி ஃபுல்மணி என்று ஒருத்தி. எங்கள் ஸ்கூலில்தான் ஒன்பதாவது. ஜார்க்கண்ட்காரி. அவள் அப்பா அம்மாவும் எங்கள் எஸ்டேட்டில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். பஸ்ஸில் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொள்வாள். அரைகுறைத் தமிழ், வாய் மூடாது.

மதியம் ஜூடித் கேட்டாள், "உங்க லைன்ல இந்திக்காரங்க ஜாஸ்தியாமே?"

"அதை ஏன் கேக்குற! குழாயடிக்குப் போக முடியல. பூரா கடுகெண்ணெய் நாத்தம்," என்றேன். ஜூடித்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் டிபனிலிருந்து ஒரு கட்லெட்டை எடுத்து என் டிபன் மூடியில் வைத்தாள். ஆறாவதிலிருந்து ஒரே வகுப்பு. இதுதான் முதல் தடவை.

கட்லெட் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்றைக்கு ஒருத்தரும் என்னை சிலோன் என்று கூப்பிடவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

ரிகர்சலை எட்டிப் பார்த்த ஃபுல்மணி சிரித்துவிட்டாள். "அப்டி இல்ல டீச்சர்!" உள்ளே வந்து, ஜூடித்தின் கூடையை வாங்கி, கயிற்றைத் தலையில் போட்டு, இரண்டு கையாலும் பறித்துப் பின்னால் வீசிக் காட்டினாள். அவள் சித்தி அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாளாம். லிஜி டீச்சர் பூரித்துப்போய், "நீ முன்னால நில்லு மோளே," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேத்து வந்தவ! எனக்குத் தெரியாததா? நான் சொல்லியிருந்தா அங்க நின்னிருப்பேன். வாயை மூடிக்கிட்டு இருந்தது யாரு? — சரி, விடு.

எல்லாரும் போனபிறகு டீச்சரிடம் போனேன். "நம்ம மக்கள்னுதானே பேனர் டீச்சர்? அவ இந்த மலைக்காரி இல்லையே. யாராவது கேட்டா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அதும் சரிதான்."

உண்மையைத்தானே சொன்னேன்? இதில் என்ன தப்பு?

பிப்ரவரி 10, செவ்வாய்

ஃபுல்மணி இல்லை. முன்வரிசையில் நான். கயிறு தலையில்.

பிப்ரவரி 13, வெள்ளி

விழா முடிந்தது. டீச்சர் மைக்கில், "அடுத்தது, நம்ம சேரம்பாடிப் பொண்ணு சசிரேகா குழுவினர்," என்றார். நம்ம. இத்தனை வருஷம் இந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். கேட்டதும் தலையைக் குனிந்து கயிற்றைச் சரிசெய்துகொண்டேன். கீழே முதல் ஆளாகக் கை தட்டியது ஃபுல்மணி.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். "நம்ம மக்கள் மட்டும்தான் ஆடணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க அக்கா." கோபமே இல்லை. யார் போட்டுக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. அப்புறம் கேட்டாள்.

"எங்க தம்பி போன மாசம் இங்கதானே அக்கா பொறந்தான்? அவன் பெரிசானா ஆட விடுவாங்களா?"

"விடுவாங்க," என்றேன்.

நம்பிட்டா. என்னைப் போய் நம்புது பாரு, லூசு. தம்பிக்கு என்ன பாட்டு வைக்கலாம், என்ன சட்டை போடலாம்னு வழியெல்லாம் என்கிட்டயே கேட்டுக்கிட்டு வந்தா. நானும் வெக்கமில்லாம ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே வந்தேன்.