வேகத்தடைக்கு மேல் ஒரு விரல்

அம்மா இன்று காலையில் பசை காய்ச்சினாள். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதிக்கும் வாடைதான் லீவுக்கு ஊர் வந்திருந்த என்னை எழுப்பியது. பட்டாசுக் கம்பெனி விடுமுறை நாட்களில் அவள் வீட்டிலேயே வெடிக்கான காகிதக் குழாய் ஒட்டுவாள் என்பது உனக்குத் தெரியும். சட்டியை இறக்கி வைத்துக் கரண்டியை மேலே எடுத்தாள். நீலம் பாரித்த பசையின் நடுவில் ஒரு சின்னக் கூம்பு எழுந்து, விழாமல் நின்றது. அதைப் பார்த்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மெக்கானிக்கல் வகுப்பில் நாம் இரண்டே பெண்கள். உன் அப்பாவுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி. என் அம்மாவுக்கு ஆமத்தூரிலிருந்து ஆனைக்குட்டம் பக்கம் போகும் கம்பெனி வேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. உனக்கு மூட வராது. எனக்குத் தெரிந்ததை உன் காதில் சொல்வேன். நீ அதை ஊருக்கே சொல்வாய். வகுப்பில் உன்னை ரேடியோ என்றார்கள். அந்த ரேடியோவுக்குள் நான் இருந்தது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

உன் மாமா வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற பச்சை நிறக் கார் உன் கைக்கு வந்தது. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். பல காலம் கிட்டங்கியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே நின்றதால் ஏறுகிற எல்லாரும் தும்மினார்கள். உனக்கு அதில் ஒரே குறை, உயரம்.

"பாருடி, சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள நடக்குத மாதிரி நிக்கி. கொஞ்சம் உக்கார வைக்கணும்."

அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா வழக்கம்போல, "வாங்க பாப்பா, சாப்பிட்டீகளா?" என்றாள். உனக்கு முகம் சுருங்கியது. "மகள மாதிரி ஏட்டின்னு கூப்பிடுங்களேம்மா. நான் என்ன ஆர்டர் குடுக்க வந்த மொதலாளியா?" அம்மா சிரித்தாளே தவிர மாற்றவில்லை. சோற்றில் கை வைத்தபடி நீ சொன்னாய்: "தீபாவளி சீசன் முடியுத அன்னிக்கு ஒங்களக் கம்பெனி வாசல்லருந்து என் கார்ல கூட்டிட்டு வருவேன். காரு அதுக்குள்ள தரையோட இருக்கும், பாருங்க."

அம்மாவின் கை நின்றது. "தரையில ஒரசாதுல்ல?"

எங்கள் வீட்டில் நாற்காலியைக்கூட இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். பட்டாசு வேலை செய்கிறவர்களின் வீடுகளில் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள். உரசினால் பொறி, பொறி வந்தால் என்ன என்று யாரும் சொல்லி முடிப்பதில்லை. அம்மாவின் கம்பெனி வாசலில் தாரால் போட்ட வேகத்தடை ஒன்று, எருமை படுத்த மாதிரி இருக்கும். லோடு வண்டிகளே அதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும். "ஒரசுத வண்டியில நான் ஏற மாட்டேன், பாப்பா. அந்த வாசல் பக்கம் கொண்டாரவும் கூடாது," என்றாள் அம்மா. உனக்கும் சரி, எனக்கும் சரி, அன்றைக்கு ஒரே கேள்விதான் பிறந்தது. கார் தாழ வேண்டும். அதே கார் அம்மாவை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் உரசாமல் கடக்க வேண்டும்.

சிவகாசி ரோட்டு ஒர்க்ஷாப்பில் மேஸ்திரி குனிந்தே பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். "ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டிருவோம் பாப்பா. செலவே இல்ல."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உன் காதில் சொன்னேன். நீ முழங்கினாய்: "வெட்டுன முனை சப்பையா இருக்காது, தன் எடத்துல ஒழுங்கா உக்காராது! பள்ளத்துல சக்கரம் தொங்குனா ஸ்பிரிங்கு கழண்டு வந்துரும்ணே!"

"அப்பம் காத்துப் பை போடுங்க. பட்டன அமுக்குனா ஏறும், எறங்கும்."

"எங்க அப்பா என்னைய அமுக்கிருவாக."

உன் அப்பா தந்த தொகை ஒரே தரம்தான், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற ஸ்பிரிங்–ஷாக் அப்சார்பர் செட் ஒன்றை ஆசையாகத் தடவிப் பார்த்து, விலை கேட்டதும் தூங்குகிற குழந்தையைப் போலத் திருப்பி வைத்தாய். பழையது ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதில் எண்ணெய் கசிந்திருந்தது. மிஞ்சியது, குட்டையான புது ஸ்பிரிங். ஆனால் அதைப் பழைய ஷாக்கின் மேல் போட்டால் துள்ளலை அடக்க முடியாமல் ஷாக் சீக்கிரம் செத்துப்போகும். இரண்டையும் சேர்த்து மாற்றினால், நீ கனவு கண்டுகொண்டிருந்த அலாய் சக்கரங்களுக்குக் காசு இருக்காது.

கண்ணாடி முன்னால் நின்று மூக்குத்தி வேண்டாம் என்று முடிவெடுக்கிறவளைப் போல நீ கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாய். உன் மௌனத்தை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். "சக்கரம் வேண்டாம்," என்றாய். வகுப்புப் பையன்கள் பிறகு, "ஒடம்புல பட்டு, கால்ல ரப்பர் செருப்பு" என்று சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

எவ்வளவு குட்டை என்பதுதான் பாக்கி. மேஸ்திரி ஒன்று சொன்னார், இணையத்தில் வேறு சொன்னார்கள். "அந்த மேட்டுக்கிட்டயே கேட்டுருவோமா?" என்று உன் காதில் சொன்னேன். என் யோசனைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பூட்டிக் கிடந்தது. அம்மாவின் பசைச் சட்டியைக் கொண்டுபோய் வேகத்தடையின் முதுகில் கெட்டிப் பசையைக் கூம்பு கூம்பாக வரிசையாய்க் குவித்தேன். உள்ளூர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, ரோட்டுக்குப் பொட்டு வைக்கீகளா?" என்றார். நீ காரை நத்தை வேகத்தில் ஏற்றி, மேடு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வந்ததும் நிறுத்தினாய். பிறகு அந்த வெயிலில், புதுச் சுடிதாரோடு, தார் ரோட்டில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாய். நானும் படுத்தேன். கூம்புகளின் தலை மட்டும் தட்டையாகியிருந்தது. நசுங்காமல் மிஞ்சிய உயரம் மூன்று விரல். எதிர்ப்பக்க வெளிச்சம் அந்த இடைவெளியில் ஒழுகி வந்தது. காருக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன வானத்தை நாம் இருவரும் எழ மனமில்லாமல் பார்த்துக்கொண்டே கிடந்தோம்.

"ரெண்டு விரல் எறக்குவோம்," என்றாய். ரகசியம்போல, என் குரலில். "ஒரு விரல் அம்மாவுக்கு."

கார் இறங்கி வந்தபோது அழகாக இருந்தது. ஓடப்போகிற ஒன்று தரையோடு பதுங்கியது போல. சீசன் முடிந்த மத்தியானம், சொன்னபடி கம்பெனி வளாகத்தின் வெளிக் கேட்டுக்கு உள்ளே வேன்கள் நிற்கும் மரத்தடியில் காத்திருந்தோம். போகும்போது மேட்டை நாம் இருவராகத் தொடாமல் கடந்திருந்தோம்.

நாம் செய்த கணக்கில் ஒரு பிழை. வேனில் போய்ப் பழகியவர்கள் ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவர் ஏற மாட்டார்கள். அம்மா வந்தாள், கூடவே அவளோடு ஒரே செட்டில் வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேரும் வந்தார்கள். கழுவியும் போகாத அலுமினியத் தூள் எல்லார் விரலிலும் வெள்ளியாய் மின்னியது. முன் இருக்கையை மடக்கி, ஒருவர் மடியில் ஒருவராக உள்ளே போனார்கள். கூடவே தும்மலும் சிரிப்பும்.

"இது என்னட்டி, காரா, மொளகாப் பெட்டியா?"

"ஏ மதினி, ஒன் இடுப்ப எடு. கதவு சாத்தட்டும்."

முன்னால் அம்மா என் மடியில் பாதியாக உட்கார்ந்தாள். பாரத்தில் கார் கீழே இறங்கியதை நான் உணர்ந்தேன். நீயும் உணர்ந்தாய், என்னைப் பார்த்தாய். இறங்கச் சொல்லலாம். ஆனால் அந்த முகங்களிடம் எப்படிச் சொல்வது? கேட்டைத் தாண்டியதும் மேடு வந்தது. மற்ற வேன்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. காருக்குள் சிரிப்பு நின்றது. அவர்களில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

முன்சக்கரம் ஏறியபோது அம்மா கத்தினாள்: "ஏட்டி, மெதுவாப் போடி!"

அடுத்த நொடி பின்னாலிருந்த மூவரும் கூரையில் கையூன்றி இருக்கையை விட்டு எழும்பினார்கள். அம்மாவும் எழும்பினாள். பாரம் குறையட்டுமாம். காருக்குள் இருக்கிறவர் எழும்பினால் காரின் எடை குறையாது என்று படித்த நாம் இருவரும் உள்ளே இருந்தோம். திரும்பிப் பார்க்கிறேன், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நீயும் எழும்பியிருந்தாய். நானும்தான்.

சத்தமே இல்லை. பின்சக்கரம் இறங்கியது. அப்புறம்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. கொஞ்ச தூரம் போய் ஓரம் கட்டி, அடியில் குனிந்து பார்த்தாய். ஒரு கீறல் இல்லை. "நாமதான தூக்குனோம்," என்றார் ஒரு அக்கா. நீ மறுக்கவில்லை. "அம்மா என்னைய ஏட்டின்னாக, கேட்டியா?" என்று மட்டும் என் காதில் சொன்னாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று உன்னை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை.

போன மாதம் உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். கிட்டங்கியில் காரின் உறையை அவரே விலக்கிக் காட்டினார். உள்கூரையில் அந்த வெள்ளி விரல் தடங்கள் அப்படியே இருந்தன. "தொடைக்க வேண்டாம்னு சொல்லிட்டேம்மா," என்றார். இருவருக்கும் கண் கரிக்க வத்தல் நெடி உதவியது.

அந்த வாசலில் வேன் மேடு ஏறும்போது இன்றும் அம்மாவின் செட்டில் எல்லாரும் எழும்புகிறார்களாம். நான் இப்போது சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனியில் ஸ்பிரிங்குகளைச் சோதிக்கிறேன். எந்தச் சுமைக்கு எது எவ்வளவு அமுங்கும் என்று கூட்டத்தில் எழுந்து, என் குரலிலேயே சொல்கிறேன். வேலைக்குப் போவது பஸ்ஸில். வேகத்தடை வரும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கையை விட்டு ஒரு விரல் எழும்புகிறேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் பார்க்கிறார்கள். இறங்கும் இடம் வந்துவிட்டதாக நினைத்துச் சிலர் வழி விடுகிறார்கள்.