ஏழு ஓட்டும் உன் அம்மாவும்

அன்புள்ள சிரஞ்சீவி வெங்கடேஷ்பாபுவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் எங்கள் இருவர் உடம்புக்கும் குறையில்லை, மனசுதான் சரியில்லை, அதுவும் எனக்கு மட்டும். நீயும் மருமகள் ரம்யாஸ்ரீயும் அந்த டப்ளின் குளிரில் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் தெரு ஓட்டுச்சாவடியை எடுத்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். இங்கே ஓட்டு குறைவாம், நான்கு தெருவுக்கும் ஒரே சாவடி போதுமாம். வண்டியூர் பஸ்ஸும் லாரியும் பறக்கிற அந்த ரோட்டை வயதானவர்கள் எப்படித் தாண்டுவார்கள் என்று ஒருவருக்கும் கவலை இல்லை. கட்சிக்காரர்களிடம் போனால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அவர்களுக்கு ஏஜென்ட் செலவு மிச்சம். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று வேகாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். எதிர்வீட்டு பீமாராவும் கூட வந்தான், பேச்செல்லாம் அவனுடையது, அலைச்சலெல்லாம் என்னுடையது. உன் அம்மாவிடம் நீட்டினால் எண்ணெய்க் கையாக இருக்கிறது, அப்புறம் போடுகிறேன் என்றாள். நானும் நம்பினேன்.

போன வார்டு தேர்தலில் மாவு மில் மலையம்மாள் சுயேச்சையாக நின்றது உனக்குத் தெரியும். எண்ணும்போது மெஷின் வாரியாகச் சொல்லிவிடுகிறார்கள், நம் தெருச் சாவடி மெஷினில் அவளுக்கு ஏழு ஓட்டு. தெரு முழுக்க ஒரே பக்கம் என்று நானும் பீமாராவும் கட்சிக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தோம், முகத்தில் கரி பூசியதுபோல் ஆயிற்று. யார் அந்த ஏழு பேர் என்று நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வீடு வீடாக அலசினோம், காபி கொடுத்துக்கொண்டிருந்தவள் உன் அம்மாதான். பீமாராவ் தன் மருமகளைச் சந்தேகப்பட்டு, அந்தப் பெண்ணைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தான். அது அவன் வீட்டு விஷயம், நாம் என்ன சொல்ல முடியும்.

வியாழக்கிழமை சாவடி மாற்றம் பற்றி அதிகாரிகள் கருத்துக் கேட்கும் கூட்டம். மனுவைக் கொடுத்துவிட்டு நன்றாகவே பேசினேன். என் மனைவிக்கே முழங்கால் வலி, அவள் எப்படி ரோட்டைத் தாண்டுவாள் என்று கேட்டேன். கை தட்டினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"பெரிய பள்ளிக்கூடத்துக்கே மாத்துங்க. அங்க நாலு தெரு ஓட்டும் ஒண்ணாக் கலந்துபோகும். அந்த ஏழு ஓட்டுல ஒண்ணு நான் போட்டது. இனிமே எந்தப் பிள்ளையும் கற்பூரத்தை அணைக்க வேணாம்."

அம்புட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டாள். இதைக் குறித்துக்கொள்ளலாமா என்று கூட்டம் நடத்திய பெண் அதிகாரி கேட்டால், பெயரோடு எழுதுங்கள், நாகசுப்பிரமணியன் சம்சாரம் சூடாமணி என்கிறாள். என் பெயரை ஏன் இழுக்க வேண்டும்? பின்னாலேயே பீமாராவ் மருமகளும் எழுந்து தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அதிலிருந்து பீமாராவ் என்னோடு பேசுவதில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல.

வீட்டுக்கு வந்து, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கத்தினேன். கீரையை ஆய்ந்துகொண்டே, "நான் எங்க மறைச்சேன்? யாரு யாருன்னு தெருவெல்லாம் கேட்டீங்க, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லைதான். தெருவில் ஒரு வீடு விடாமல் சந்தேகப்பட்ட எனக்கு இவள் பெயர் தோன்றவே இல்லை. ஓட்டுப் போட்டதைக்கூட விட்டுவிடுவேன், இதுதான் எரிகிறது. சரி, இப்போதாவது கேட்போம் என்று, வருகிற தேர்தலில் யாருக்குப் போடப்போகிறாய் என்று நேற்றுக் கேட்டேன். ரசம் ஊற்றட்டுமா என்கிறாள்.

சாவடி விஷயம் இன்னும் முடிவாகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே, ரம்யாஸ்ரீயைக் கேட்காமல் வீட்டில் எதையும் முடிவு செய்யாதே. இருவரும் சீரும் சிறப்புமாக நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, யாருக்கு ஓட்டு என்று அம்மா உன்னிடம் சொன்னாலும் என்னிடம் சொல்லிவிடாதே. பீமாராவ் கோபம் தணிந்து வந்து கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகசுப்பிரமணியன்