பாண் ஓட்டோப் பாட்டு

செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தை

நித்திரை வரவில்லை. எல்லாம், பின்னேரத்தில் பாணும் பணிஸும் விற்றுவரும் அந்த ஓட்டோவின் பாட்டால்தான்.

வேலையால் வந்து பார்க்கிறேன், மகள் யாழினி அதைப் பாடியபடி வீட்டுக்குள் சுற்றுகிறாள். மூன்று வயதுக்கு மெட்டு ஓரிடமும் பிசகவில்லை. பிறகு வாசலில் நின்று, சீனி தூவிய கிம்புலா பணிஸ் இரண்டு தரும்படி சிங்களத்தில் கேட்டாள். வெறுங்கையில் வாங்குவதுபோல் வாங்கி, தான் ஒன்றைத் தின்றாள். மற்றதைக் கொண்டுபோய் அப்பாவின் கதிரையில் வைத்தாள்.

சின்னப் பிள்ளைகள் பார்த்ததைத்தான் விளையாடும்.

இவருக்குச் சீனி வருத்தம். இனிப்பை அடியோடு நிற்பாட்டச் சொல்லி டொக்டர் எத்தனை தரம் சொல்லிவிட்டார். நானும் பாகற்காயும் குரக்கன் புட்டுமாகச் சமைக்கிறேன், சீனி இறங்கவில்லை. இவ்வளவு நாளும் மாத்திரையைத்தான் குறை சொன்னேன். பின்னேரம் ஓட்டோ வரும் நேரத்தில் பிள்ளையோடு வீட்டிலிருப்பது இவர்தான்.

"பாண்காரனிட்ட ஏதும் வாங்கினீங்களோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ. அந்த நேரம் எனக்கு ஒன்லைன் மீட்டிங். அவள் ரோட்டில கேட்டதைப் பாடுறாள்," என்றார். யாழினி வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவும் மகளும் இருந்த பிறகு, குசினிக்குள் நின்று அந்தப் பாட்டை மெல்ல முணுமுணுத்தேன்.

யாழினி எழும்பி வாசலுக்கு ஓடினாள். இவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே காற்சட்டைப் பொக்கற்றுக்குள் சில்லறைக்குக் கையை விட்டார்.