கிட்டாரின் ஆட்டம் நின்ற கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மா என்னைவிடப் பல மடங்கு சுகம், அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், மேலதிகாரியிடம் வாய் கொடுக்காமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே கத்துவாய், கடிதத்தில் அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து படி. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூல் நின்றுவிட்டது, எதிர்வீட்டுத் தையல்காரர் தன் மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தார், அதையும் முடித்தாயிற்று. முப்பத்திரண்டு வருஷம் பேருந்துப் பணிமனையில் எதில் ஆட்டம் இருக்கிறது என்று தேடித் தேடி இறுக்கியவன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் வேறு என்ன செய்வான், சொல். இறுக்குவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போனபோதுதான் உன் அறைச் சுவரில் தொங்குகிற எலக்ட்ரிக் கிட்டார் கண்ணில் பட்டது.

யாரும் அதைத் தொடக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு மறக்கவில்லை. தூசி தட்டத்தான் எடுத்தேன். துடைக்கும்போது கம்பிகள் ஆறும் வந்து உட்கார்கிற இரும்புப் பட்டை, பிரிட்ஜ் என்பீர்களாமே, அது விரல் பட்டதும் அசைந்தது. அதில் வளைந்த கைப்பிடி ஒன்று வேறு நீட்டிக்கொண்டிருந்தது, அதை அழுத்தினால் மொத்தப் பட்டையும் தலையாட்டுகிறது. அடக் கடவுளே, பிள்ளை இத்தனை வருஷம் இப்படிப்பட்ட வண்டியையா ஓட்டியிருக்கிறாள் என்று நெஞ்சு பதறிப்போனது. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். உள்ளே மூன்று ஸ்பிரிங் இருந்தது, கொஞ்சம் இறுக்கினேன். அப்படியும் அசைந்தது, அதனால் பழைய ஜன்னல் சட்டத்தில் மிஞ்சிய மரத்தை இழைத்து இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். கைப்பிடியைக் கழற்றிவிட்டேன். கட்டை நகராமல் இருக்க ஒரு துளி பசை வைத்தேன். சரி, ஒரு துளிக்குக் கொஞ்சம் கூட. பசை டப்பா இப்போது காலி. நீ அடுத்த மாதம் விடுமுறையில் வந்து பார்த்து அசந்துபோவாய் என்று மூடியைப் போட்டு, பழையபடி மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போலப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை அம்மா வந்து, "அந்தக் கைப்பிடி எங்க?" என்றாள். எந்தக் கைப்பிடி என்றேன். "கிட்டார்ல ஆட்டுறது. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். கிட்டாரில் ஆட்டுவதற்கு ஒன்று இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். எட்டு மாதமாக வாசிக்கிறாளாம். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலை ஷிப்ட் முடித்து வந்து, மதியம் நான் குறட்டை விடுகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில், உன் நோட்டில் நீ வரைந்து வைத்த விரல் படங்களைப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். ஒயரைச் செருகாமல் வாசித்தால் கொசு பறக்கிற சத்தம்தானே கேட்கும். அவள் இடது கை விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்ததை நான் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டி சுட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். பானெட்டில் கை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான், கட்டிய மனைவியின் விரல் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு தரம் கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வெட்கப்படக்கூட அவள் நேரம் தரவில்லை. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் வாசிக்கிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறாள், இன்னும் ஒன்பதே நாள். வருஷா வருஷம் டாக்டர்கள் பாடுவார்கள், நர்சுகள் ஆடுவார்கள், சலவைப் பிரிவு நாற்காலி அடுக்கும். இந்த வருஷம்தான் முதல் தடவையாக சலவைப் பிரிவிலிருந்து ஒருத்தி மேடை ஏறுகிறாள், அவளுடைய கிட்டாரின் கழுத்தை நான் நெரித்துவிட்டேன், இதுதான் வழக்கு. இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு விடுமுறையில் போயிருந்தது. மூன்றாம் நாள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வாத்தியக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மூடியைத் திறந்தவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. "சார், இது லூஸ் ஆகல, இப்படி ஆடத்தான் இதைச் செஞ்சிருக்கான். இனி கட்டையை நெம்பினா மரமும் சேர்ந்து பெயர்ந்துடும்" என்றார். பிறகு இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா ஒண்ணு. ஆடுற பிரிட்ஜ்ல ஒரு கம்பி அறுந்தா மத்த அஞ்சும் சுருதி விட்டுடும். இது இனிமே விடாது" என்றார். நான் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் மசியவில்லை. கடைசியில்தான் குட்டு உடைந்தது. "தப்பு விழுந்தா அதைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிடுவேன். வேணும்னே வாசிச்ச மாதிரி இருக்கும். இப்ப எதை ஆட்டுறது?" என்று கேட்டாள். உன் அம்மா எவ்வளவு பெரிய கள்ளி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆட்ட ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு தப்பையும் திருத்தித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. மீதி நாளெல்லாம் ஒயரைச் செருகி ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள். நான் காய் நறுக்கினேன். விரலிலும் இரண்டு இடம் நறுக்கிக்கொண்டேன், ஆறிவிட்டது, கவலைப்படாதே.

விழாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தப்பில்லாமல்தான் தொடங்கினாள். பாட்டின் பாதியில் டப்பென்று ஒரு சத்தம், மெல்லிசான கம்பி அறுந்து தொங்கியது. அவள் முதலில் என்னைத்தான் முறைத்தாள், அறுந்ததற்கும் நான்தான் காரணம் என்பதுபோல. பிறகு விரலை வைத்தாள், ஐந்து கம்பியும் சுருதி மாறாமல் நின்றது. அறுந்த கம்பியில் வரவேண்டியதை எல்லாம் பக்கத்துக் கம்பியில் தள்ளி வைத்து வாசித்து முடித்துவிட்டாள். சலவைப் பிரிவு மொத்தமும் எழுந்து நின்று விசிலடித்தது. நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில் "கட்டை நல்லாத்தான் இறுக்கியிருக்கீங்க" என்றாள். எனக்கு வேறு பாராட்டு வேண்டாம்.

இனி உன் விஷயம். கிட்டார் இனி அம்மாவுடையது, உனக்குத் திரும்பி வராது. அழுவதானால் அங்கேயே அழுது முடித்துவிட்டு வா, ஏனென்றால் நீ வருகிற வாரத்தில் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் வாசிக்க இரண்டு கிட்டார் கேட்டிருக்கிறார்கள். உனக்கு ஒன்று நீயே வாங்கிக்கொண்டு வா. முதல் கிட்டார் அம்மா, நீ பக்கத்தில் உட்கார்ந்து துணைக்கு வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. தாமதமாக வந்தால் தையல்காரர் மகளைச் சேர்த்துக்கொள்வாளாம், சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்துவிடாதே. உனக்கு எல்லா நலமும் கூடி வரட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடு.

என்றும் உன் மேல் உயிராக இருக்கும்
அப்பா

அம்மா மேலும் சேர்க்கச் சொன்னது: நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரவும். ஒத்திகை நீ வந்து இறங்குகிற அன்றைக்கே.