உத்தரவின் பின்பக்கம்

மாப்பிள்ளை,

பங்குனி வெயிலில் குற்றாலத்து ஐந்தருவியே வெறும் பாறையாகக் கிடக்கிறது. ஆனாலும் சென்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில் அருவி வாசம் அடித்தது. பாசியும் ஈரக்கல்லும் கலந்த வாசம். சுவரில் தொங்கும் கோர்ட் உத்தரவின் கண்ணாடிக்குள் நீர் கோத்திருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டியவன் நான்தான். நீங்களும் என் மகளும் பிரிந்தபின், பாப்பா தாயிடம் இருக்க வேண்டும், நீங்கள் மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் பத்திலிருந்து ஒரு மணி வரை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று உத்தரவானது. எட்டாவதோடு நின்றவன் நான். பழைய சட்டப் புத்தகங்களை வாங்கி, அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தேன். என் பெண்ணை அழவைத்தவருக்கு ஒரு நிமிடம்கூட அதிகம் தரக்கூடாது என்பதற்காகவே படித்தேன். அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

சிவகிரியிலிருந்து பைக்கில் வருவீர்கள். நீங்களும் பாப்பாவும் எதிரெதிர் நாற்காலிகளில். நடுவில் நான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

"மாமா, சாரல் அடிக்கு. ஒரு நாள் பாப்பாவ அருவிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாரேனே."

"உத்தரவுல அருவி கிடையாதுவே."

அடுத்த முறை ஒரு பாட்டிலில் அருவித் தண்ணீரைப் பிடித்துவந்து அவள் உள்ளங்கையில் ஊற்றினீர்கள். தரை நனைகிறது என்று நான் துணியை எடுத்துப் போட்டேன்.

கடைசியாக நீங்கள் வந்த அன்று கடையநல்லூர் பக்கம் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. வந்து சேரும்போது மணி பன்னிரண்டு இருபது. ஒரு மணிக்கு நான் எழுந்து நின்றேன்.

"மாமா, பிந்துன நேரத்த இன்னைக்கே ஈடு பண்ணிக்கிடலாம்னு உத்தரவுல இருக்கு."

"எங்கன இருக்கு? அந்தா தொங்குது, வாசிச்சுக் காட்டும்."

"கண்ணாடியக் கழத்தணும் மாமா."

"எங்க வீட்டு ஆணியில கை வச்சுப் பாரும், தெரியும்!"

"சரி மாமா" என்று நனைந்த மழைக்கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டீர்கள். புளியங்குடி தாண்டி, அந்த மழையில், லாரி. சாயங்காலம் தகவல் வந்தபோது பாப்பா, "அப்பா இப்பந்தான போனாவ" என்றாள்.

சென்ற சனிக்கிழமைதான் கண்ணாடியைக் கழற்றினேன். தாளின் பின்பக்கமும் அச்சடித்திருந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் நேரம் குறைந்தால் அன்றைக்கே ஈடுசெய்ய வேண்டும். நகல் கைக்கு வந்த அன்று முன்பக்கத்தைப் படித்த வேகத்தில் கண்ணாடிக் கடைக்கு ஓடியவன் நான். அந்த வரிகள் இரண்டு வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

எனக்கு முதலில் வந்தது உங்கள்மேல் கோபம். உங்களிடமும் ஒரு நகல் இருந்ததே! மறுபேச்சில்லாமல் 'சரி மாமா' என்று போவதா? கத்தியிருக்கலாம். ஆணியைப் பிடுங்கியிருக்கலாம்.

நீங்கள் போனபிறகும் அந்தச் சனிக்கிழமைகளில் பாப்பா தலைசீவி, பத்து மணிக்கு உங்கள் நாற்காலிக்கு எதிரே வந்து உட்காருவாள். நானும் பழக்கதோஷத்தில் நடுவில் உட்காருவேன். ஒரு மணிக்கு, யாரும் சொல்லாமலே எழுந்துபோவாள். கண்ணாடியைக் கழற்றிய அன்றும் எழுந்தாள்.

"இரு ஏட்டி. இன்னும் ரெண்டு மணி இருவது நிமிசம் இருக்கு" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு காலி நாற்காலியைப் பார்த்து, "தாத்தா இருக்க விட்டுட்டாவ" என்றாள்.

என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. உள்ளே பாப்பா ஏதோ கேட்டாள். பதில் எதுவும் என் காதில் விழவில்லை. அவளுக்கு விழுந்திருக்க வேண்டும், சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமைகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மூன்று இருபது வரை வெயிலில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளை. கதவைத் தட்டவில்லை.