பிராக் டிராமில் உன் அப்பா

சேசு மரியாயே துணை

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்,
16 பிப்ரவரி 1966

என் செல்ல மகன் ஜோசப்ராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சி சகாயராணியும் சுகம், அதுவும் சாதாரணச் சுகம் இல்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை, குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன், எல்லாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். அந்தப் பனியிலே நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும்.

ராசா, உன் படத்தைப் பார்த்துவிட்டோம்! உங்கள் பிராக் காலேஜ் பிள்ளைகள் எடுத்த படங்களை இங்கே சினிமா சங்கத்துக்காரர்கள் ஸ்கூல் ஹாலில் போடுகிறார்கள் என்று, உனக்கு இங்கே பாடம் எடுத்த ஜகந்நாதன் சார் மூன்று பாஸ் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா சங்கதி உனக்குத் தெரியாததா, பார்த்து வைத்திருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீ சினிமா படிக்கக் கப்பல் ஏறியதிலிருந்து உன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. உன் கடிதத்தை நான் சத்தமாக வாசிக்கும்போது பேப்பருக்குப் பின்னால் இருப்பார், பக்கம் மட்டும் திருப்ப மாட்டார். பாஸைக் காட்டினால், "எனக்கு டியூட்டி இருக்கு" என்றார். ஞாயிறு அவருக்கு வார லீவு என்று எனக்குத் தெரியாதா, அப்படியானால் பக்கத்து வீட்டுப் பேராச்சியைக் கூட்டிப் போகிறேன் என்றேன். அவளும் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உடனே இவர், "பொம்பளையள் தனியாப் போயி முழிச்சிக்கிட்டு நிக்கவா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். பாஸ் இல்லாத பேராச்சி, "நான் படம் எடுத்த பையனுக்கு அத்தை" என்று ஒரே போடாகப் போட்டு உள்ளே வந்துவிட்டாள்.

முதலில் போட்ட படம் ஒன்றும் விளங்கவில்லை, ஒரு மரத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் டிராம் வந்தது. தொப்பி போட்ட கண்டக்டர் முதுகைக் காட்டி நிற்கிறான், திரும்பினால் நீ! "ஏ யய்யா, எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்று கத்திவிட்டேன், ஹால் முழுக்கச் சிரிப்பு. நடிக்க இருந்த பையன் வராததால் நீயே தொப்பியை மாட்டிக்கொண்டதாக ஜகந்நாதன் சார் பிறகு சொன்னார், எனக்கு ஏன் எழுதவில்லை? பேச்சே இல்லாத படம், ஆனால் எனக்கு எல்லாம் விளங்கியது. நீ பென்சிலைக் காதில் செருகினாய், கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாய், பெரிய நோட்டை நீட்டிய ஒரு குண்டு வெள்ளைக்காரரை ஏற இறங்கப் பார்த்து மூக்கால் ஒரு மூச்சு விட்டாய். சகாயராணி என் தொடையைக் கிள்ளினாள். பேராச்சிக்கு அடக்கத் தெரியுமா, "ஏ அண்ணாச்சி, இது நீங்கல்லா!" என்று கூவினாள். எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனுஷனை மகன் ஊர் சிரிக்கக் கேலி செய்துவிட்டான் என்று எழுந்து போய்விடுவாரோ என்று கையைப் பிடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து, தூங்கி விழும் கிழவருக்கு நீ டிராம் வளைகிற போதெல்லாம் இடுப்பை அண்டக் கொடுத்து, அவர் முழித்துவிடாமல் நின்றாயே, அப்பா அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். "மூணாம் ஷிப்ட் மில்லுக்காரங்களுக்கு நான் அப்படித்தான் நிப்பேன். இவன் அதையும்லா பாத்திருக்கான்" என்றார். எனக்கே தெரியாது ராசா, இத்தனை வருஷத்தில் ஒரு நாள் சொன்னதில்லை.

விளக்குப் போட்டதும் நேரே படம் போடுகிற மெஷினை ஓட்டும் ஜெயினுலாப்தீனிடம் போய், "பாய், ஏக் பார் அவுர்" என்றார். தாடி வைத்த படிப்பாளிகள் எல்லாரும் கை தட்டினார்கள், இன்னொரு தடவை ஓடியது. இப்போது டிப்போவில், தாராவியில், கோயில் வாசலில், பார்க்கிறவர்களிடமெல்லாம், "நம்ம ஜோசப்பு ஃபாரின்ல கண்டக்டரு" என்கிறார். உனக்கு அங்கே டிராம் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாக நினைத்து ஜனங்கள் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள், நானும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

காதை மூடிக் கம்பளி கட்டிக்கொள். பூசையைத் தவறவிடாதே. சாப்பாட்டைக் குறைத்துப் பிலிம் வாங்குகிறாயோ என்று சந்தேகமாக இருக்கிறது, அந்த வேலை வேண்டாம். முழு உடம்போடு எடுத்த போட்டோ ஒன்று உடனே அனுப்பு. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும்.

உன் அம்மா,
சேசம்மாள்

ஜோசப்புக்கு, பெல் கயிற்றை இடது கையால் இழுக்க வேண்டும், வலது கையில் சில்லறை இருக்கும். நீ மாற்றி இழுத்திருக்கிறாய். அடுத்த படத்தில் திருத்திக்கொள்.
அப்பா, தனசீலன்.