கயிற்றின் இந்த முனை

மார்ச் 4, செவ்வாய்

நாய் வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், மகள் கேட்டால்தானே. "உனக்கு ஒரு துணை வேணும்மா" என்கிறாள். திடீரென்று எனக்கு எதற்குத் துணை? இவள்தான் இருக்கிறாளே. இதில் ஏதோ இருக்கிறது. கேட்கவில்லை. பூனைக்குட்டி தானாக வெளியே வரும்.

நாயைப் பற்றிக் காப்பகத்து அம்மா நல்லதாகவே சொன்னார். கடிக்காது, சும்மா குரைக்காது, வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. இவ்வளவு நல்ல நாயை ஏன் ஒருவரும் எடுத்துப் போகவில்லை? கேட்டே விட்டேன். "எடுத்தாங்கம்மா. அந்த வீட்டுல குழந்தை பொறந்துச்சு, திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க" என்றார். சொல்லும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். துணிக்கடையின் கேமரா அறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே இதுதான்: திரையில் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். முகம் பொய் சொல்லும். கைக்கு அது தெரியாது.

ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாமாம், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். "கயித்த மட்டும் லூசா புடிங்க. பயந்த நாய்" என்றார் கிளம்பும்போது. நன்றாக இருக்கிறதே. லூசாகப் பிடித்து அது ஓடிப்போனால் பழி யார் தலையில்? கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்தேன்.

மார்ச் 5, புதன்

தட்டு வைத்தால் சாப்பிடுவதில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பினால் தட்டு காலி. சரியான களவாணி.

மார்ச் 9, ஞாயிறு

மகள் பொத்தான் என்று பெயர் வைத்திருக்கிறாள். மூக்கு கோட்டுப் பொத்தான் போல இருக்கிறதாம். எனக்கு இன்னும் அது 'ஏய்'தான்.

'உட்கார்' பழக்குகிறேன். பிஸ்கட்டைக் காட்டினால் உட்காருகிறது. பிஸ்கட் இல்லாவிட்டால் என் முகத்தைப் பார்க்கிறது, பிறகு கையை, மறுபடியும் முகத்தை. நான் இதை வேவு பார்க்கிறேனா, இது என்னை வேவு பார்க்கிறதா?

வலதுகால் செருப்பு ஒன்றைக் காணோம். அதனால் மகளிடம் சொல்லி அவளுடைய பழைய போனைக் கூடத்து ஷெல்ஃப் மேல் கேமராவாக வைக்கச் சொன்னேன். வாசற்கதவும் கூடமும் தெரியும். கடையில் இருந்துகொண்டே பார்க்கலாம், பதிவும் ஆகும். "வீட்டையும் கடையாக்கிட்ட" என்று சலித்துக்கொண்டாள். சலித்துக்கொள்ளட்டும்.

லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது. மூன்று மாடியும் படிதான். எனக்கும் அந்த லிஃப்ட்டின் மேல் நம்பிக்கை கிடையாது, ஏறி வெகுகாலம் ஆயிற்று. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

மார்ச் 12, புதன்

இன்று ஓர் அதிசயம். எதிர்வீட்டு வாத்தியார் கதவைத் திறந்து "என்ன, நாயா?" என்று குனிந்தார். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். மனிதர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். என் வாசலில் விழும் பேப்பரை முதலில் படிப்பது அவர்தான் என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம், மடிப்பு மாறியிருக்கும். இதற்கு எப்படித் தெரிந்தது?

சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வந்தார். போன முறை நல்ல குழாயைக் கழற்றிக்கொண்டு போனவர். அவரையும் பார்த்து உறுமியது. கீழ்வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்து மட்டும் வாலாட்டியது. ஆள் பார்த்துத்தான் உறுமுகிறது. கெட்டிக்காரி.

மார்ச் 15, சனி

பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டுமாம். ஆள் யார் என்றால், இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை ரிப்பேர் பண்ண வருகிறவன். போன வருஷம் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்று இவள் உள்ளே மாட்டிக்கொண்டாளே, அன்று கதவைத் திறந்து இறக்கிவிட்டவனாம். அன்றிலிருந்து பழக்கமாம்.

"அது நின்ன லிஃப்டா, நிறுத்துன லிஃப்டா?" என்று கேட்டேன்.

முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் எழுந்துபோய்விட்டாள். பிறகு வந்து, "நாளைக்கு வர்றாரு. நீ சரின்னு சொன்னாத்தான்மா. ஆனா ஆளப் பாத்துட்டுச் சொல்லு" என்றாள்.

இவள் போன பிறகு எனக்குத் துணையாக நாய். எவ்வளவு ஏற்பாடு.

மார்ச் 16, ஞாயிறு

லிஃப்ட்காரன் வந்தான். முழுக்கைச் சட்டை, வாரிய தலை, "வணக்கம் மேடம்." நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. கதவு திறந்ததும் பொத்தான் உறுமியது பார், முதுகு மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அவன் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க உறுமல் நிற்கவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பதிலாக அதுவே பேசிவிட்டது.

அவன் போனதும் மகளிடம், "மனுஷங்க ஏமாறலாம், நாய் ஏமாறாது" என்றேன்.

"நாய் சொன்னா கேப்ப. நான் சொன்னா கேக்க மாட்ட. அப்படித்தான?"

அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கறாராகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் சொன்னதில் என்ன தப்பு? ஒரே பெண். கண்ணை மூடிக்கொண்டா கொடுக்க முடியும்?

மார்ச் 20, வியாழன்

கடையில் இடைவேளையில் போனைத் திறந்து பார்க்கிறேன் - என் வீட்டுக் கூடத்தில் அவன். மகளுக்கு இன்று அரைநாள் லீவாம். என்னிடம் சொல்லவில்லை. அவன் என் துணி அலமாரியின் கதவுப் பக்கம் குனிந்து நிற்கிறான். பிறகு கீழே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான், பொத்தான் அவனுடைய பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை குதறப் பார்த்த அதே நாய்.

பிஸ்கட்டில் எதையாவது கலந்திருப்பானோ?

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால் சத்தமே இல்லை. இத்தனை நாள் கதவு கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது, கீல் திருகாணியை முடுக்கி எண்ணெய் விட்டிருக்கிறான். உள்ளே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஒன்றும் குறையாததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மார்ச் 23, ஞாயிறு

கடித்துவிட்டது.

மறுபடியும் பேச வந்தான். மணி அடித்ததும் நான்தான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். "மேடம், இது உங்களுதா? படிக்குப் பின்னால கெடந்துச்சு" என்று எதையோ நீட்டினான். என் வலதுகால் செருப்பு. அவ்வளவுதான் பார்த்தேன், அதற்குள் பொத்தான் பாய்ந்து கையைக் கவ்விவிட்டது. ரத்தம். மகள் ஓடி வந்தாள்.

அவன் கத்தவில்லை. "பரவால்ல மேடம், அது பயந்துருச்சு" என்று கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டான். மகள் அவனை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனாள்.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வந்துவிட்டார். முதலில் உறுமல், இப்போது கடி, இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்றார். சனிக்கிழமை திருப்பிக் கொண்டு வருகிறோம் என்று காப்பகத்துக்குப் போன் செய்தேன். "கடிச்ச நாய இனிமே யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. கடைசி வரைக்கும் கூண்டுதான் அதுக்கு" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பொத்தான் மேசைக்கு அடியிலேயே கிடக்கிறது. கூப்பிட்டால் வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அவன்தான் ஏதோ செய்திருக்கிறான், கையை ஓங்கியிருப்பான், மிரட்டியிருப்பான், அதைப் பதிவில் பிடித்து மகளிடம் காட்ட வேண்டும் - இதுதான் என் எண்ணம். கேமரா அறையில் சாப்பாட்டு நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் போட்டேன். பழக்கதோஷம், முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன்.

அவன் கை இடுப்புயரத்தில் இருக்கிறது. விரல்கள் விரிந்து, செருப்பை ஏந்தினாற்போல். ஓங்கவில்லை. அசையக்கூட இல்லை.

பின்னோட்டினேன். இன்னொரு கை தெரிகிறது. கயிறு இரண்டு சுற்றுச் சுற்றிய கை. கதவு திறக்கிறது, அவன் இன்னும் தெரியவேயில்லை, அதற்குள் அந்தக் கை கயிற்றை வெடுக்கென்று மேலே இழுக்கிறது. நாயின் முன்னங்கால்கள் தரையைவிட்டுக் கிளம்புகின்றன. கழுத்து நெரிபட்ட பிறகுதான் உறுமுகிறது. அவன் செருப்பை நீட்டுகிறான், அந்தக் கை இன்னும் இறுக்குகிறது. பிறகுதான் பாய்ச்சல்.

பதினாறாம் தேதியைப் போட்டேன். அதேதான். முதலில் கை, பிறகு நாய். வியாழக்கிழமையைப் போட்டேன். கயிறு தரையில் கிடக்கிறது, நாய் தூங்குகிறது.

வாத்தியாரைப் பார்த்தபோது? குழாய்க்காரரைப் பார்த்தபோது? அதற்குப் பதிவில்லை. தேவையுமில்லை.

அடிப்பாவி. ஊரு கையையெல்லாம் பாத்தியே, உன் கையப் பாத்தியாடீ? வாயில்லாத ஜீவன். நீ இழுத்த இழுப்புக்குக் கடிச்சுட்டு அது கூண்டுக்குப் போகுது.

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, எவனாவது மாட்டுனானா?" என்றாள்.

"ஒருத்தி மாட்டிக்கிட்டா" என்றேன்.

மார்ச் 26, புதன்

மகளிடம் போனைக் கொடுத்தேன். பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக் கயிறு பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இறுக்கியா புடிச்சிருந்த? வலிக்கலியாம்மா?" என்றாள். அழுதுவிட்டேன்.

பிறகு செயலாளர் வீட்டுக்குப் போய், கடிக்க வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பதிவைக் காட்டினேன். யோசித்தார். வெளியே கூட்டிப்போகும்போது வாய்மூடி போட வேண்டும், இன்னொரு புகார் வந்தால் பேச்சே கிடையாது என்றார். சரி என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

லிஃப்ட்காரருக்கு நானே போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சனிக்கிழமை வாங்க, தம்பி" என்றேன்.

மார்ச் 29, சனி

காப்பகத்துக்குப் போகவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவர் வந்தார். மன்னிப்பை ஒருவழியாகக் கேட்டுவிட்டேன், எந்த வார்த்தையில் என்று நினைவில்லை.

மொட்டை மாடியில் மகள் கயிற்றைப் பிடிக்க, அவர் எதிரே நடந்து வந்தார். பொத்தான் வாலாட்டியது. பிறகு என் முறை. அவர் நான்கு எட்டு வருவதற்குள் கை தானாகச் சுருட்டிக்கொள்கிறது, நான் சொல்லிச் செய்யவில்லை. பொத்தான் உறுமியது. திரும்பவும். திரும்பவும்.

"லிஃப்டுக் கயிறு லூசானா ஆபத்து மேடம். இதுக்கு இழுத்தாத்தான் ஆபத்து போல" என்றார் அவர். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இருட்டுவதற்குள் ஒரே ஒரு முறை உறுமாமல் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பொத்தான் சாப்பிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஏப்ரல் 13, ஞாயிறு

காப்பகத்து அம்மா போன் செய்தார், மாதம் முடிந்துவிட்டதே, என்ன முடிவு என்று. "அவ இங்கதான் இருப்பா" என்றேன். நல்லவேளை, அவர் கையில் பேனா மூடி இருந்ததா என்று போனில் தெரியாது.

வாத்தியார் பொத்தானின் தலையைத் தடவினார். அது இடம் கொடுத்தது. பேப்பர் விஷயம் வேறு. அதில் எனக்குச் சந்தேகம் இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் தேதி கிடைத்துவிட்டது. சொல்வதற்கு மாப்பிள்ளை வந்தார். நானும் பொத்தானும் வெளியே போய்விட்டுக் கீழே திரும்பிய நேரம், அவர் லிஃப்ட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அத்தை. நேத்துதான் எல்லாம் செக் பண்ணேன்" என்றார்.

அத்தை என்று அவர் சொல்வது முதல்முறை. படியில் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொத்தான் திரும்பி என் முகத்தைப் பார்த்தது, பிறகு கையை. கயிறு இரண்டு விரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்வேன் என்று காத்துக்கொண்டு நிற்கிறது.

உள்ளே போனேன். பின்னாலேயே வந்து எங்கள் இருவர் கால்களுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. கதவு மூடியது. மூன்றாவது மாடி வரை, என்னையும் சேர்த்து, யாரும் உறுமவில்லை.